படாக் சிவப்பும் பர்ப்பிள்ஹார்ட் ஊதாவும்: நிறம் தங்க எந்த பாலிஷ்?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் புது வீட்டுக்குப் படாக் என்ற சிவப்பு மரத்தில் தலைவாசல் கதவு செய்திருக்கிறார். இன்னொருவரிடம் பர்ப்பிள்ஹார்ட் பலகையில் செய்த படிப்பு மேசை. மூன்றாமவர் தாத்தா காலத்துத் தோதகத்தி (ரோஸ்வுட்) அலமாரியின் பழைய வார்னிஷை உரசி எடுத்துவிட்டு, உள்ளே தெரிந்த ஊதா கலந்த பழுப்பைப் பார்த்து மயங்கிப்போயிருக்கிறார். மூவரும் கேட்டது இதுதான்: "இந்தக் கலர் இப்படியே இருக்கணும். எதை அடிக்கலாம்?"

இப்படியே இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த டப்பாவாலும் மரத்தின் நிறத்தை நிறுத்தி வைக்க முடியாது. மாற்றத்தைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். தவறான பூச்சை எடுத்தால், பத்து வருடத்தில் வரவேண்டிய மாற்றத்தை முதல் நாளே வரவழைத்துவிடலாம். ஆகவே இங்கே ஒப்பிடப்போவது எது மாற்றத்தை அதிக நாள் தள்ளிப்போடும், அதற்கு நாம் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான்.

## மரம் ஏன் நிறம் மாறுகிறது

மரத்தின் நடுவே இருக்கும் வைரப்பகுதிக்கு நிறம் தருவது நாருக்குள் ஊறிக் கிடக்கும் சாயப்பொருட்கள். படாக்கிலும் செம்மரத்திலும் சாண்டலின் என்ற சிவப்புச் சாயம் இருக்கிறது. நம் வேங்கையும் இவை இரண்டும் டெரோகார்பஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பலாவில் இருப்பது மோரின் என்ற மஞ்சள் சாயம். தென்கிழக்கு ஆசியாவில் பிக்குகளின் காவி உடைக்குப் பலா மரத்துண்டுகளைக் கொதிக்கவைத்துத்தான் நிறம் ஏற்றினார்கள். துணியில் ஏறிய சாயம் வெயிலில் வெளுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்துக்குள் இருப்பதும் சாயம்தான், அதற்கு மட்டும் சலுகை கிடையாது.

நிறத்தை மாற்றுவதில் பெரிய பங்கு புற ஊதாக் கதிருக்கு. ஆனால் அது மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே நீலப் பக்கம் இருக்கும் பகுதியும் சாயத்தைச் சிதைக்கும். அதைத் தடுக்க வேண்டுமென்றால் பூச்சு நிறமற்றதாக இருக்க முடியாது. 'யு.வி. பாதுகாப்பு' என்று எழுதிய டப்பாவை நம்பி மேற்கு ஜன்னலோரம் மேசையைப் போடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஜன்னல் கண்ணாடியும் முழுப் பாதுகாப்பு இல்லை. சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியை நிறுத்தும், யு.வி.-ஏ எனப்படும் நீண்ட அலைப் பகுதியில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும்.

மரத்துக்கு மரம் மாறும் விதமும் வேறு:

படாக் அறுத்த அன்று ஆரஞ்சுச் சிவப்பு. வெளிச்சம் பட்டால் சில மாதங்களில் செம்பழுப்பு, அப்புறம் கிட்டத்தட்ட சாக்லேட் நிறம்.

பர்ப்பிள்ஹார்ட் விசித்திரமான மரம். தென் அமெரிக்காவிலிருந்து வருவது. அறுத்தவுடன் பார்த்தால் மங்கலான சாம்பல் பழுப்பு, "இதற்கா இவ்வளவு விலை?" என்று தோன்றும். காற்றும் வெளிச்சமும் பட்டு, சில நாட்களில் ஊதாவாகும். அதே வெளிச்சம் தொடர்ந்து பட்டால் ஊதா போய்ப் பழுப்பு வரும். நிறத்தைக் கொண்டுவருவதும் கெடுப்பதும் ஒன்றேதான்.

தோதகத்தியில் ஊதாச் சாயல் மெல்லக் கரைந்து அடர்பழுப்பு நிற்கும். பலா எலுமிச்சை மஞ்சளிலிருந்து பொன்பழுப்புக்குப் போகும். கருங்காலி பெரிதாக மாறாது. தேக்கு இந்தக் கணக்கில் வரவே வராது. புதிதாக இழைத்த தேக்கில் தெரியும் பச்சைச் சாயலும் திட்டுக்களும் வெளிச்சத்தில்தான் மறைந்து பொன்னிறமாகும். தேக்குக்கு 'நிறம் மாறாத பாலிஷ்' கேட்பவர்களை நான் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, பூசிய அன்றே பூச்சு தன் சாயலை மரத்தின் மேல் ஏற்றுகிறதா. ஊதாவின் மேல் மஞ்சள் விழுந்தால் பழுப்பு என்பது பள்ளிக்கூட வாட்டர் கலரில் கற்றதுதான். இரண்டாவது, நாளாக நாளாகப் பூச்சே மஞ்சளாகிறதா. மூன்றாவது, வெளிச்சத்தை எவ்வளவு தடுக்கிறது. நான்காவது, எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் ஒழுங்காகக் காயுமா, மரத்தின் சாயத்தைக் கரைத்து இழுக்குமா. அடிபட்டால் சரிசெய்ய முடியுமா என்பதும், டப்பா விலைக்கு வெளியே எவ்வளவு செலவு என்பதும் அதற்கு அடுத்து. கடையில் நமக்குச் சொல்லப்படுவது பளபளப்பும் விலையும் மட்டுமே.

## எண்ணெய்: ஆளிவிதை, டங்

கைக்கு இதமானது, ரேகையை ஆழமாகக் காட்டுவது, நானே விரும்பிப் போடுவது. ஆனால் நிறம் காப்பதில் கடைசி இடம். பூசிய நிமிடமே மரம் ஒரு படி அடர்ந்து தேன் நிறம் ஏறும். ஆளிவிதை எண்ணெய் வருடம் போகப்போக மஞ்சளாகும். மூடிய அலமாரியின் உட்பக்கம் போல வெளிச்சமே படாத இடத்தில் இன்னும் அதிகமாக மஞ்சளாகும். டங் ஆயில் இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்லது. இரண்டுமே மரத்துக்குள் இறங்கிவிடுவதால் மேலே படலம் என்று ஏதும் நிற்காது, ஆகவே வெளிச்சத்தைத் தடுக்க ஆளே இல்லை.

தோதகத்தியில் இன்னொரு தொல்லை. அந்த மரத்தின் சத்துப்பொருட்கள் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவதைத் தடுக்கும். வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். ஒற்றை டப்பாவில் வரும் எண்ணெய் வார்னிஷுக்கும் இதே கதிதான்.

அப்புறம், எண்ணெய் துடைத்த துணி. சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், இது கதையல்ல. விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

எங்கே இது சரி: தேக்கு, கைப்பிடிகள், கடைசல் கிண்ணங்கள், 'அடர்ந்தாலும் அழகுதான்' என்று நினைக்கும் எந்தப் பொருளும்.

## அரக்கு: நம் பழைய பிரெஞ்சு பாலிஷ்

அரக்கில் சாதி பல. மெழுகு நீக்கி வெளுத்த செதில் ஏறக்குறைய நிறமில்லாமல் உட்காரும். ஆரஞ்சு அரக்கு ஆரஞ்சையே தரும். கடையில் கலந்து பாட்டிலில் விற்கும் பிரெஞ்சு பாலிஷில் பெரும்பாலும் பழுப்புச் சாயல்தான். நிறம் காக்க வேண்டுமென்றால் வெளுத்த செதிலை வாங்கி நீங்களே ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். கரைத்த பின் மாதங்கள் ஓடினால் அது சரியாகக் காயாது. பழைய பாட்டிலை வைத்துப் பெரிய வேலையைத் தொடாதீர்கள்.

ஸ்பிரிட் விஷயத்தில் ஒரு சொந்த அனுபவம். படாக்கும் ரப்பர் மரமும் மாற்றி மாற்றி ஒட்டி ஒரு சதுரங்கப் பலகை செய்தேன். பஞ்சுப் பொதியில் அரக்கைத் தோய்த்து வழக்கம்போல இழுத்தேன். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஜாப்பூ நிறமாகிவிட்டன. சாண்டலின் தண்ணீரில் சுலபமாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும், தின்னரிலும் கரையும். அதுவரை எனக்கு அது புத்தகச் செய்தியாக இருந்தது. தோதகத்தியும் ஸ்பிரிட்டில் ஊதாச் சாயம் விடும். இப்படிக் கலப்பு மரம் என்றால் தேய்க்கவே கூடாது. ஸ்ப்ரேயில் மூடுபனி போல இரண்டு மெல்லிய கை அடித்து, காயவிட்டு, சாயத்தைப் பூட்டிவிட்டு மேலே போக வேண்டும். உரசும்போது பறக்கும் சிவப்புத் தூளையும் காற்றடித்து ஊதிவிடுங்கள், துணியால் துடைத்தால் வெள்ளை மரத்தின் துளைக்குள் ஏறிக்கொள்ளும்.

அரக்கின் பலவீனங்கள் ஊரறிந்தவை. சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். மழைக்காலத்தில் பூசினால் ஈரம் புகுந்து வெளுக்கும். வெளிச்சத் தடுப்பும் சொற்பம். ஆனால் கெட்டுப்போன இடத்தில் மேலேயே இன்னொரு கை போட்டால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். இன்னொரு வேலைக்கும் இது உத்தமம். எண்ணெய்ப்பசை மரத்துக்கு அடிப்பூச்சாக மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை போட்டுவிட்டால், மேலே வரும் வார்னிஷோ வாட்டர் பேஸ்டு பூச்சோ முரண்டு பிடிக்காது.

## என்.சி. லாக்கரும் மெலமைனும்

வேகமாகக் காயும், விலை மலிவு, எல்லாப் பாலிஷ்காரருக்கும் கை பழகியது. நிறம் காக்க மட்டும் இரண்டையும் நான் எடுக்கமாட்டேன். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் வயதாக ஆக மஞ்சளாகும், பழைய கிதார்களில் வெள்ளை வண்ணம் கிரீம் நிறமாகத் தெரிவது அதனால்தான். மெலமைன் அதைவிடக் கெட்டியானது, ஆனால் அமிலம் கலந்து இறுகுவது, காயும்போது ஃபார்மால்டிஹைடு வாடை கண்ணைக் கரிக்கும். வெளிச்சம் படாத உட்பக்க அலமாரிகளுக்குப் போதும்.

## இரண்டு டப்பா பி.யூ.

பி.யூ. என்றால் பாலியூரித்தேன். இன்று பெரிய வேலைகளில் பெரும்பாலும் இதுதான். கெட்டியான படலம், தண்ணீர், சூடு, கீறல் எல்லாவற்றையும் தாங்கும். யு.வி. உறிஞ்சிகள் கலந்தது கிடைக்கும். இந்த உறிஞ்சிகளுக்குப் படலத்தின் கனம் வேண்டும். மெல்லிய ஒரு கை அடித்துவிட்டு யு.வி. பாதுகாப்பு இருக்கிறது என்றால் அது பேப்பரில் மட்டுமே இருக்கும்.

ஆனால் பி.யூ. என்ற பெயரில் இரண்டு வகை ஹார்டனர் (கலந்து இறுகவைக்கும் இரண்டாவது டப்பா) இருக்கிறது. அரோமாட்டிக் வகை மலிவு, வேகமாக இறுகும், வெளிச்சத்தில் மஞ்சளாகும். அலிஃபாட்டிக் வகை விலை அதிகம், மஞ்சளாகாது. நம் காரியத்துக்கு இரண்டாவதுதான். இதைத் தெரிந்தவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் சீலர். மேல் பூச்சை அலிஃபாட்டிக்கில் அடித்துவிட்டு, அடியில் போடும் சீலரை வழக்கப்படி அரோமாட்டிக்கிலேயே அடித்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துக் கீழேயிருந்து மஞ்சள் எழும். மேலே அடித்த விலை உயர்ந்த பூச்சு அந்த மஞ்சளைத் தெளிவாகக் காட்டும்! கடையில் கேட்கும்போது "சீலரும் நான்-யெல்லோயிங்தானா?" என்று தனியாகக் கேளுங்கள். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கும் எக்ஸ்டீரியர் வகையைக் கேட்பது ஒரு குறுக்குவழி. வெளிப்புறத்துக்கென்று செய்தது பெரும்பாலும் அலிஃபாட்டிக், யு.வி. உறிஞ்சியும் சேர்ந்தே வரும்.

மறைந்திருக்கும் செலவுகள்: கம்ப்ரசரும் தூசியில்லாத இடமும் வேண்டும். கலந்த சரக்கு சில மணி நேரத்தில் இறுகிவிடும், மீந்தது குப்பைக்கு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பதம்பார்க்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் அந்தப் பட்டறைப் பக்கமே போக முடியாது. துணி முகமூடி இதற்கு ஆகாது, கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஒரு மூலை பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வதும் கஷ்டம், பெரும்பாலும் முழுப் பலகையையும் உரச வேண்டிவரும்.

## வாட்டர் பேஸ்டு அக்ரிலிக்

நிறத்தை மட்டும் கேட்டால் என் முதல் ஓட்டு இதற்கே. பூசிய அன்று மஞ்சள் ஏற்றாது, பின்னாலும் ஏறக்குறைய மஞ்சளாகாது. பர்ப்பிள்ஹார்ட்டின் ஊதா ஊதாவாகவே தெரிய இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. ஸ்பிரிட், தின்னர் இல்லாததால் படாக் சாயமும் குறைவாகவே கசியும். அறவே கசியாது என்று சொல்லமாட்டேன். இவற்றில் பல இலேசான காரத்தன்மை உள்ளவை, சாண்டலின் காரத்தில் கரையும்.

குறை என்னவென்றால், உயிரில்லாமல் தெரியும். எண்ணெய் தரும் அந்த ஆழம் வராது, அடர்நிற மரத்தில் இலேசான நீலப் புகை படிந்தது போலக்கூடத் தோன்றும். தண்ணீர் பட்டதும் நார் எழும்பும், ஆகவே முதலிலேயே ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, நைஸ் உப்புத்தாளால் ஒருமுறை உரச வேண்டும். கூலிக்காரர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார், நின்று பார்க்க வேண்டும். ஸ்டீல் உல் (இரும்பு நார்) மட்டும் கிட்டே வரக்கூடாது. அதன் துகள் சிக்கினால் தண்ணீரில் துருப்பிடித்துக் கரும்புள்ளி விழும். அடைமழை நாளில் காய்வதும் தாமதம்.

சுத்த மெழுகைப் பற்றி ஒரு வரி போதும்: நிறத்தை மாற்றவும் மாட்டாது, காக்கவும் மாட்டாது. கருங்காலிக்குச் சரி.

## ஒரே பார்வையில்

| பூச்சு | முதல் நாள் சாயல் | பின்னாளில் மஞ்சளாவது | வெளிச்சத் தடுப்பு | எண்ணெய்ப்பசை மரத்தில் | சரிசெய்வது |
|---|---|---|---|---|---|
| ஆளிவிதை, டங் | தேன் நிறம், அடர்த்தி | ஆளிவிதை அதிகம், டங் குறைவு | இல்லை | காயாமல் பிசுபிசுக்கும் | மிகச் சுலபம் |
| வெளுத்த அரக்கு | மிகக் குறைவு | குறைவு | சொற்பம் | நன்றாக ஒட்டும், சாயம் கசியும் | சுலபம் |
| என்.சி. லாக்கர் | குறைவு | அதிகம் | இல்லை | பரவாயில்லை, சாயம் கசியும் | சுலபம் |
| பி.யூ. அரோமாட்டிக் | குறைவு | அதிகம் | சொற்பம் | தடுப்புப் பூச்சு நல்லது | கஷ்டம் |
| பி.யூ. அலிஃபாட்டிக், யு.வி. சேர்த்தது | குறைவு | மிகக் குறைவு | நல்லது | தடுப்புப் பூச்சு நல்லது | கஷ்டம் |
| வாட்டர் பேஸ்டு அக்ரிலிக் | ஏறக்குறைய இல்லை | மிகக் குறைவு | யு.வி. சேர்த்தால் நல்லது | அடியில் அரக்கு வேண்டும் | நடுத்தரம் |

## அந்த மூன்று பேருக்கு

மேசைக்காரர். இவருக்குத்தான் பதில் சுலபம். முதலில் இழைத்த பலகையை வீட்டுக்குள் வெளிச்சமான இடத்தில் வைத்து ஊதா ஏறும்வரை காத்திருங்கள். இரண்டு பக்கமும் திருப்பி வையுங்கள், மேலே எந்தப் பொருளையும் விட்டுவைக்காதீர்கள், அதன் வடிவம் அச்சாகிவிடும். ஊதா பிடித்தபின் உரசாமல் வாட்டர் பேஸ்டு அக்ரிலிக், யு.வி. உள்ளது, மூன்று நான்கு கை. உரசினால் மறுபடி பழுப்பிலிருந்து ஆரம்பம். தட்டுமுட்டுச் சாமான் உரசும் மேசை என்றால் அலிஃபாட்டிக் பி.யூ., சீலரும் அதே வகையில். என்றாவது பழுப்பாகிவிட்டால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உரசி எடுத்து, மறுபடி சில நாள் வெளிச்சத்தில் வைத்தால் புதிய ஊதா ஏறும்.

அலமாரிக்காரர். மெழுகு நீக்கிய வெளுத்த அரக்கு, அவ்வளவே. அலமாரியில் யாரும் காபி டம்ளர் வைக்கப்போவதில்லை. அடிப்பூச்சும் அதுவே, மேல் பூச்சும் அதுவே. பழைய சாமானுக்குப் பி.யூ. அடித்துப் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆக்கியதை நிறைய பார்த்துவிட்டேன். 2017 ஜனவரியிலிருந்து டால்பெர்ஜியா இனங்கள் முழுவதுமே சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கின்றன, தோதகத்தியும் அதில் அடக்கம். இந்த அலமாரிப் பலகை போல இன்னொன்று சுலபமாகக் கிடைக்கப்போவதில்லை. ஆகவே திரும்ப எடுக்க முடிகிற பூச்சைத்தான் போட வேண்டும். ஸ்பிரிட் தொட்டால் அரக்கு கரைந்து வந்துவிடும். நம் பேரப்பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்தால் அவர்களுக்கும் வழி இருக்கட்டும்.

கதவுக்காரர். இவரிடம்தான் கசப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. வெயிலும் சாரலும் நேராகப் படும் தலைவாசலில் படாக்கின் ஆரஞ்சுச் சிவப்பை நிறமற்ற எந்தப் பூச்சும் காக்காது. படகு வார்னிஷ் என்று விற்பதில் யு.வி. உறிஞ்சி இருக்கும், ஆனால் அதுவே தேன் நிறம், அதோடு வெயில் அடிக்கும் பக்கத்தில் சில வருடங்களில் உரசிப் புதுப்பிக்க வேண்டிவரும். அவருக்கு நான் சொன்னது வேறு. ஒளி ஊடுருவும் சிவப்பு அயர்ன் ஆக்சைடு சாயல் கலந்த எக்ஸ்டீரியர் பூச்சு. அயர்ன் ஆக்சைடு கனிம நிறமி, வெயிலில் வெளுக்காது, புற ஊதாவையும் நன்றாக விழுங்கும், ரேகையும் தெரியும். மரத்தின் சொந்த நிறம் அடியில் அடர்ந்துகொண்டே போனாலும் மேலே சிவப்பு நிற்கும்.

"அது சாயம் அடிக்கிற மாதிரி ஆயிடுமே" என்றார். ஆமாம், ஆகும்தான். அசல் நிறமே வேண்டும் என்றால் கதவுக்கு மேல் சன்ஷேடை இரண்டடி நீட்டுங்கள், அது எந்தப் பூச்சையும்விட அதிகம் காக்கும் என்றேன். எஞ்சினியரிடம் பேசுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

## அடிப்பதற்கு முன் ஒரு மாதம்

வேலையில் மீந்த துண்டு ஒன்றை எடுத்து, முதலில் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம்தான் நிறமற்ற பூச்சு தரும் நிறம். அதுவே பிடிக்கவில்லையென்றால் பூச்சை மாற்றிப் பயனில்லை, மரத்தையே மாற்ற வேண்டும். பிடித்திருந்தால், காயவைத்து அதே துண்டில் நான்கு பட்டையாக நான்கு பூச்சுகளை அடியுங்கள். சீலர் முதல் கடைசிக் கை வரை, நிஜ வேலையில் அடிப்பது போலவே. பாதியை அலுமினியத் தாளால் இறுக மூடி, பொருள் நிற்கப்போகும் அறையின் ஜன்னலிலேயே வையுங்கள், வெயில் நன்றாக அடிக்கும் இன்னொரு ஜன்னலில் அல்ல. பின்பக்கம் தேதியையும் பூச்சின் பெயரையும் பென்சிலால் எழுதிவையுங்கள், ஒரு மாதத்தில் எது எந்தப் பட்டை என்று மறந்துவிடும். எனக்கு மறந்திருக்கிறது.